ரியல் ஏல், போர்ட்டர், ஃபிர்கின்... பீர் ரசிகர்கள் பேசும் வார்த்தைகள் எங்கிருந்து வந்தன?

ஐம்பது, அறுபது வருடங்களுக்கு முன்னால் ஒரு கிராமத்துக்குப் போய் 'நாட்டுக்கோழி இருக்கா?' என்று கேட்டிருந்தால், 'கோழின்னு கேட்டா போதாதா?' என்று திருப்பிக் கேட்டிருப்பார்கள். அப்போது இருந்தது ஒரே கோழிதான். பண்ணையில் வளரும் பிராய்லர் வந்த பிறகுதான், அதுவரை சும்மா 'கோழி'யாக இருந்ததற்கு முன்னால் 'நாட்டு' என்று ஒரு ஒட்டுச் சொல் தேவைப்பட்டது.

இங்கிலாந்தில் பீருக்கும் அச்சு அசலாக இதேதான் நடந்தது. அங்கே பழைய முறையில் தயாராகும் பீரை இன்று 'ரியல் ஏல்' என்கிறார்கள். கேட்பதற்கு ஏதோ நூற்றாண்டுகள் பழமையான பெயர் போல இருக்கும். ஆனா, அந்தப் பெயர் பரவியதே 1970-களில்தான்!

ரியல் ஏல் மட்டுமல்ல. போர்ட்டர், மைல்ட், பிட்டர், ஐ.பி.ஏ., ஃபிர்கின், ஐசிங்கிளாஸ், டிக்கர் என்று பாரம்பரிய பீர் ரசிகர்கள் பேசிக்கொள்ளும் மொழியே தனி. அந்த வார்த்தைகளுக்குப் பின்னால் லண்டன் சுமைதூக்கிகள், கிழக்கிந்தியக் கம்பெனி கப்பல்கள், மீனின் காற்றுப்பை எல்லாம் இருக்கின்றன. மது உடல்நலத்துக்குக் கேடு என்பதில் மாற்றமில்லை. இங்கே பார்க்கப்போவது வார்த்தைகளின் கதை மட்டுமே.

'ரியல்' என்ற சொல் ஏன் தேவைப்பட்டது?

பழைய முறை என்றால் என்ன? பீரைக் காய்ச்சி, உயிருள்ள ஈஸ்ட்டோடு சேர்த்தே பீப்பாயில் அடைத்து பப்புக்கு அனுப்பிவிடுவார்கள். பப்பின் நிலவறையிலும் அது தொடர்ந்து நொதித்துக்கொண்டே இருக்கும். நுரையும் லேசான வாயுவும் அதிலிருந்தே வரும். பீப்பாயைத் திறந்த பிறகு ஏறக்குறைய மூன்று நாள். அதற்குள் விற்றுத் தீர்க்க வேண்டும். இல்லையென்றால் புளிக்கத் தொடங்கிவிடும். காலையில் இறக்கிய கள் மாலைக்குள் வேறு ருசிக்குப் போய்விடும் என்பது தெரிந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

பெரிய நிறுவனங்களுக்கு இது தலைவலி. நிலவறையைக் கவனிக்கத் தெரிந்த ஆள் வேண்டும். பீப்பாய்க்குப் பீப்பாய் ருசி மாறும். வீணாவதும் அதிகம். எனவே பீரை வடிகட்டி, சூடாக்கி ஈஸ்ட்டைக் கொன்று, உலோகக் கலனில் அடைத்து, கார்பன் டை ஆக்ஸைடு அழுத்தத்தால் வெளியே தள்ளும் முறை வந்தது. அந்தக் கலனுக்குப் பெயர் 'கெக்'. சிறிய பீப்பாயைக் குறிக்கும் பழைய நார்ஸ் மொழிச் சொல்லிலிருந்து வந்தது இது. வாட்னீஸ் நிறுவனம் 1930-களிலேயே 'ரெட் பேரல்' என்ற பீரில் இதை முயன்று பார்த்தது. 1960-களில் ஆறு பெரிய நிறுவனங்கள் சின்னச் சின்ன மதுவடிப்பாலைகளை வாங்கிக் குவித்தபோது, கெக் பீர் நாடு முழுக்கப் பரவியது. பல ஊர்களில் பழைய பீர் கிடைப்பதே அரிதாகிவிட்டது.

முதலில் எதிர்ப்புக் காட்டியவர்கள் மரப்பீப்பாய் ஆதரவாளர்கள். 1963-ல் 'மரத்திலிருந்து வரும் பீரைப் பாதுகாக்கும் சங்கம்' என்ற ஒன்றைத் தொடங்கினார்கள். பெயரிலேயே அவர்களுடைய கொள்கை தெரிகிறது: மரம்தான் முக்கியம். ஆனா, அதற்குள் பழைய முறை பீரே அலுமினியம், ஸ்டீல் பீப்பாய்களுக்கு மாறத் தொடங்கியிருந்தது. அப்படியென்றால் சண்டை மரத்துக்கா, பீருக்கா?

இதற்குப் பதில் சொன்னது அடுத்து வந்த கூட்டம். 1971-ல் அயர்லாந்தின் மேற்குக் கோடியில், கெர்ரி மாவட்டத்துக்கு விடுமுறைக்குப் போன நான்கு இளைஞர்கள் ஒரு பப்பில் உட்கார்ந்து ஓர் அமைப்பை ஆரம்பித்தார்கள். மைக்கேல் ஹார்ட்மன், கிரஹாம் லீஸ், ஜிம் மேக்கின், பில் மெல்லர் என்பவர்கள் அவர்கள். ஊர் திரும்பியதும் வேலையைத் தொடங்கினார்கள். அமைப்பின் பெயர்ச் சுருக்கம் 'காம்ரா'. முதலில் வைத்த முழுப்பெயர் 'ஏலுக்குப் புத்துயிரூட்டும் இயக்கம்'. உள்ளே போய்விட்டு வருகிறவர்களுக்கு நாக்குக் குழறும் பெயர் அது. 1973-ல் அதே சுருக்கம் மாறாமல் 'ரியல் ஏல் இயக்கம்' என்று மாற்றினார்கள்.

அந்த மாற்றம்தான் எல்லாவற்றையும் புரட்டிப்போட்டது. 'புத்துயிர்' என்பது நோயாளியைப் பற்றிய பேச்சு. 'ரியல்' என்றால் வேறு கதை. இது ரியல் என்றால் மற்றது என்ன? யாரும் 'போலி' என்று சொல்லவில்லை, சொல்லவும் வேண்டியதில்லை. நிறுவனங்கள் கோடிக்கணக்கில் விளம்பரம் செய்த பீரை ஒரே சொல்லால் தற்காப்பு நிலைக்குத் தள்ளினார்கள். 1974-ல் வெளியான அவர்களுடைய முதல் முறையான பப் வழிகாட்டியில் ஒரு நிறுவனத்தைப் பற்றி எழுதியிருந்த எச்சரிக்கை அவ்வளவு கடுமையாக இருந்ததால், அச்சகமே தயங்க, வாசகத்தைக் கொஞ்சம் மென்மையாக்கி அச்சிட வேண்டியிருந்தது. 1981-ல் 'ரியல் ஏல்' ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதிக்குள்ளேயே நுழைந்துவிட்டது. ஒரு நுகர்வோர் இயக்கம் கண்டுபிடித்த சொல் பத்தே வருடத்தில் அகராதி ஏறுவது சாதாரண விஷயமில்லை.

அதன் விளக்கமும் கவனமாகச் செய்யப்பட்டது. பாரம்பரிய மூலப்பொருட்களில் தயாராக வேண்டும், ஊற்றிக் கொடுக்கப்படும் அதே கலனில் இரண்டாவது முறை நொதித்து முதிர வேண்டும், வெளியிலிருந்து கார்பன் டை ஆக்ஸைடு செலுத்தக் கூடாது. இதில் 'மரம்' என்ற சொல்லே இல்லை என்பதைக் கவனியுங்கள். 'கலன்' என்று மட்டும்தான் இருக்கிறது. மரமா, உலோகமா என்ற சண்டை அதோடு முடிந்தது. ஆனா, வாயு பற்றிய அந்தக் கடைசி நிபந்தனை பின்னால் ஒரு பெரிய சண்டைக்கு விதை போட்டது. அதற்கு கடைசியில் வருவோம்.

'ஏல்' என்றால் ஒரிஜினலாக என்ன?

இங்கேதான் ஒரு வேடிக்கை. 'ரியல் ஏல்' என்று இன்று சொல்லப்படும் எதையும் 15-ம் நூற்றாண்டு ஆங்கிலேயர் ஏல் என்றே ஒப்புக்கொள்ள மாட்டார்!

ஏல் என்பது மிகப் பழைய ஆங்கிலச் சொல். முளைகட்டிய பார்லியைக் காய்ச்சி நொதிக்க வைத்த பானம். அதில் ஹாப்ஸ் கிடையாது. ஹாப்ஸ் என்பது ஒரு கொடியின் பூ. கசப்புச் சுவையும் தரும், பானம் சீக்கிரம் கெடாமலும் காக்கும். அதைப் போட்டுக் காய்ச்சும் வழக்கம் இன்றைய நெதர்லாந்து, பெல்ஜியம் பகுதிகளிலிருந்து கடல் தாண்டி இங்கிலாந்துக்கு வந்தது. அந்த வெளிநாட்டுச் சரக்குக்குத்தான் அப்போது 'பீர்' என்று பெயர். ஹாப்ஸ் இருந்தால் பீர், இல்லாவிட்டால் ஏல். லண்டனில் இரண்டுக்கும் தனித்தனித் தொழிற்சங்கங்களே இருந்தன.

1542-ல் உணவு பற்றி நூல் எழுதிய ஆண்ட்ரூ போர்ட் என்ற மருத்துவர், ஏல் ஆங்கிலேயனுக்கு இயல்பானது, பீர் டச்சுக்காரனுக்கு உரியது என்று பிரித்தார். பீர் குடித்தால் உடம்பு பருக்கும், வயிறு உப்பும் என்றும் எழுதிவைத்தார். அந்தக் காலத்து 'நாட்டு' ஆதரவாளர் அவர். அவர் கண்ணோட்டத்தில் ரியல் ஏல் இயக்கம் காப்பாற்றிய பானம் முழுக்க முழுக்க அந்நிய பானம்தான். காலப்போக்கில் ஏலிலும் ஹாப்ஸ் சேர்ந்து, பெயரில் இருந்த வேறுபாடு கரைந்துபோனது.

இன்னொரு துணுக்கு. பழைய ஆங்கிலத்தில் 'ஏல்' என்பது பானத்தை மட்டுமல்ல, அது பரிமாறப்படும் விருந்தையும் குறித்தது. மணப்பெண்ணுக்கான விருந்து 'பிரைட்-ஏல்'. அது தேய்ந்து 'பிரைடல்' ஆனது. இன்று சென்னையில் 'பிரைடல் மேக்கப்' என்று போர்டு வைத்திருக்கும் பியூட்டி பார்லர்களில் எத்தனை பேருக்கு, அந்தச் சொல்லுக்குள் ஒரு குவளை பீர் ஒளிந்திருப்பது தெரியும்?

ரயில் நிலைய போர்ட்டருக்கும் பீருக்கும் என்ன சம்பந்தம்?

நேரடிச் சம்பந்தம். 18-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டன் தெருக்களிலும் தேம்ஸ் நதிக்கரையிலும் சரக்கு இறக்கி ஏற்றும் சுமைதூக்கிகள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். நாள் முழுக்க மூட்டை சுமந்துவிட்டு அவர்கள் விரும்பிக் குடித்தது, கரும்பழுப்பு நிறத்தில் நன்றாக முதிர்ந்த ஒரு பீர். குடித்தவர்களின் பெயரே பீருக்கு ஒட்டிக்கொண்டது: போர்ட்டர். 1720-களிலேயே இந்தப் பெயர் அச்சில் வந்துவிட்டது.

ஆனா, பல பீர் புத்தகங்களில் வேறொரு கதை இருக்கும். பப்பில் மூன்று பீப்பாய்களிலிருந்து மூன்று வகை பீரைக் கலந்து கொடுப்பது சிரமமாக இருந்ததாம். அதனால் 1722-ல் ஷோர்டிச் பகுதியைச் சேர்ந்த ரால்ஃப் ஹார்வுட் என்பவர், மூன்றின் ருசியும் ஒன்றாக இருக்கும்படி ஒரே பீரைக் கண்டுபிடித்தாராம். அதுதான் போர்ட்டராம். கேட்க அழகான கதை. பிரச்னை என்னவென்றால், இந்தக் கதையைப் பிரபலமாக்கிய லண்டன் வழிகாட்டி நூல் வெளியானது 1802-ல். சம்பவம் நடந்ததாகச் சொல்லப்படுவதற்கு எண்பது வருடங்கள் கழித்து! ஒரு தனி மனிதர் ஒரு நாளில் கண்டுபிடித்தார் என்பதைவிட, லண்டனின் பழுப்பு பீர் மெல்ல மெல்ல மாறி போர்ட்டர் ஆனது என்பதே இன்றைய பீர் வரலாற்று ஆய்வாளர்களின் முடிவு. ஒரு பெயருக்கு ஒரு 'தந்தை'யைத் தேடும் ஆசை எல்லா ஊரிலும் உண்டு போல.

போர்ட்டர் எவ்வளவு பெரிய தொழிலானது என்பதற்கு ஒரு சோகமான சாட்சி இருக்கிறது. 1814 அக்டோபர் 17 அன்று லண்டனின் ஹார்ஸ் ஷூ மதுவடிப்பாலையில், போர்ட்டரை முதிர வைத்திருந்த பிரம்மாண்டமான மரத்தொட்டி உடைந்தது. வெள்ளமாகப் பாய்ந்த பீர், பின்னால் இருந்த ஏழைக் குடியிருப்புக்குள் புகுந்து எட்டுப் பேரைக் கொன்றது. இறந்தவர்கள் அனைவரும் பெண்களும் குழந்தைகளும்தான்.

'ஸ்டவுட்' என்பது போர்ட்டரின் பிள்ளை. ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு அப்போது 'வலுவான' என்று பொருள். வலுவான போர்ட்டருக்கு 'ஸ்டவுட் போர்ட்டர்'. பிறகு பின்பாதி உதிர்ந்து முன்பாதி மட்டும் மிஞ்சியது. 'கறுப்பு' என்ற அர்த்தம் அந்தச் சொல்லில் தொடக்கத்தில் இல்லவே இல்லை.

மைல்ட், ஸ்டேல், பிட்டர்: அர்த்தம் தலைகீழான கதை

'மைல்ட்' என்றால் லேசானது, வலுக்குறைந்தது என்றுதானே நினைப்போம்? இன்று அப்படித்தான். பழைய அர்த்தம் அதுவல்ல. மைல்ட் என்றால் புதிதாக இறக்கியது, இன்னும் புளிப்பேறாதது. அது எவ்வளவு வலுவாகவும் இருக்கலாம். அதன் எதிர்ச்சொல் 'ஸ்டேல்'. இன்று அந்தச் சொல்லைக் கேட்டால் ஊசிப்போன பண்டம்தான் நினைவுக்கு வரும். அன்று ஸ்டேல் என்பது நின்று, தெளிந்து, முதிர்ந்த பீர். மைல்டைவிட விலை அதிகம்! இடம், பணம், பொறுமை எல்லாம் போட்டு மாதக்கணக்கில் வைத்திருக்க வேண்டும் அல்லவா? பழைய அரிசிக்கு விலை கூடக் கொடுப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

'பிட்டர்' கதை இன்னும் எளிது. 19-ம் நூற்றாண்டில் வெளிர் நிற பீர் பரவியபோது தயாரிப்பாளர்கள் அதற்கு வைத்த பெயர் 'பேல் ஏல்'. பீப்பாயிலும் அதையே எழுதினார்கள். ஆனா, பப்பில் நின்றவர்களுக்கு அது வேண்டாம். இனிப்பான மைல்ட் ஒரு பக்கம், கசப்பான இது இன்னொரு பக்கம். 'கசப்பு ஒண்ணு கொடு' என்று கேட்டார்கள். கம்பெனி வைத்த பெயர் தோற்று, குடித்தவர் வைத்த பெயர் நின்றது. போர்ட்டரிலும் இதுதான் நடந்தது. இந்த அகராதியில் விளம்பரத் துறை உருவாக்கிய சொற்களைவிட வாடிக்கையாளர் வாயில் பிறந்த சொற்களுக்கே ஆயுள் அதிகம்.

ஐ.பி.ஏ.-வில் இருக்கும் 'ஐ' நம்ம இந்தியாதான்!

இன்று அமெரிக்கா முதல் ஜப்பான் வரை பீர் கடைகளில் அதிகம் பார்க்கும் மூன்றெழுத்து ஐ.பி.ஏ. விரித்தால் 'இந்தியா பேல் ஏல்'. இந்தியாவில் தயாரானது இல்லை. இந்தியாவுக்கு அனுப்பப்பட்டது.

கல்கத்தா, பம்பாய், மதராஸில் இருந்த கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகளுக்குச் சொந்த ஊர் பீர் மேல் ஏக்கம். லண்டனின் கிழக்கே, கம்பெனி கப்பல்கள் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் போ என்ற பகுதியில் ஹாட்ஜ்சன் குடும்பத்தின் மதுவடிப்பாலை இருந்தது. கப்பல் கேப்டன்கள் சொந்தக் கணக்கில் சரக்கு ஏற்றிச்சென்று விற்கலாம் என்ற சலுகை உண்டு. ஹாட்ஜ்சன் அவர்களுக்கு நீண்ட நாள் கடனில் பீர் கொடுத்தார். பக்கத்துக் கடை, கடனும் கிடைக்கிறது. வேறென்ன வேண்டும்? அந்த பீரில் ஹாப்ஸ் தாராளம். ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு, பூமத்திய ரேகையை இரண்டு முறை கடந்து, மாதக்கணக்கில் கப்பல் வயிற்றில் குலுங்கி வந்ததில், வீட்டு நிலவறையில் வருடக்கணக்கில் ஆகும் முதிர்ச்சி சீக்கிரமே ஏறிவிட்டது. துறைமுகமே இல்லாத மதராஸில், நங்கூரமிட்ட கப்பலிலிருந்து அலைகளைத் தாண்டி மசூலா படகுகளில்தான் எந்தச் சரக்கும் கரை சேர வேண்டும். பீரும்தான்.

பிறகு ஹாட்ஜ்சன் தரப்பு பேராசைப்பட, 1820-களில் பர்ட்டன் நகரத்து ஆல்சாப் நிறுவனம் போட்டிக்கு இறங்கியது. முதல் மாதிரியை ஒரு டீ பாட்டில் காய்ச்சிப் பார்த்தார்கள் என்று ஒரு கதை உண்டு. பர்ட்டன் கிணற்றுத் தண்ணீரில் ஜிப்சம் அதிகம். அது ஹாப்ஸின் கசப்பைத் துலக்கமாக எடுத்துக்காட்டியது. இன்றும் தண்ணீரில் அந்த உப்புகளைச் சேர்ப்பதற்கு 'பர்ட்டனைஸ்' செய்வது என்றே தொழில் மொழியில் பெயர்.

'மற்ற பீர் எல்லாம் வழியிலேயே கெட்டுப்போனதால் ஐ.பி.ஏ. கண்டுபிடிக்கப்பட்டது' என்று இணையத்தில் அடிக்கடி எழுதுகிறார்கள். அது சரியல்ல. போர்ட்டரும் பத்திரமாகவே இந்தியா வந்து சேர்ந்தது. சாதாரண வெள்ளைக்காரச் சிப்பாய்கள் குடித்தது பெரும்பாலும் அதைத்தான். வெளிர் பீர் அதிகாரிகளின் மேசைக்கு. பெயரும் பின்னால்தான் வந்தது. 'ஈஸ்ட் இந்தியா பேல் ஏல்' என்ற தொடர் செய்தித்தாள் விளம்பரங்களில் தென்படுவது 1829-ல்தான். அதுவும் இந்தியாவில் அல்ல, சிட்னியில்!

ஃபிர்கின் என்றால் கால் பங்கு

பீர் ரசிகர் முன்னால் எல்லாப் பீப்பாயையும் 'பேரல்' என்று சொல்லிவிடாதீர்கள், திருத்தம் வரும். பொதுப்பெயர் 'காஸ்க்'. பேரல் என்பது அதில் ஓர் அளவு, 36 காலன். அதில் பாதி கில்டர்கின், 18 காலன். அதில் பாதி ஃபிர்கின், 9 காலன். அதிலும் பாதி பின், நாலரை காலன்.

இந்த அடுக்கைப் பார்த்தால் ஏதோ ஞாபகம் வருகிறதா? ஆழாக்கு, உழக்கு, உரி, நாழி! அங்கேயும் ஒவ்வொன்றும் முந்தையதைப் போல இரண்டு மடங்கு. நாழியில் உழக்கு எப்படியோ, பேரலில் ஃபிர்கின் அப்படி. டச்சு மொழியில் 'நாலில் ஒன்று' என்று பொருள்படும் சொல்லின் திரிபுதான் ஃபிர்கின். ஹாப்ஸோடு சேர்ந்து அளவைப் பெயர்களும் அந்தக் கரையிலிருந்தே வந்துவிட்டன. இன்று பப்புகளில் அதிகம் புழங்குவது ஃபிர்கின்தான். ஏறக்குறைய 41 லிட்டர், 72 பைன்ட். மூன்று நாளில் விற்றுத் தீர்க்க அதுதான் தோதான அளவு.

நிலவறைக்குள் இறங்கினால் இன்னும் விசித்திரமான சொற்கள். பீப்பாய் படுத்திருக்கும் தாங்கி 'ஸ்டில்லேஜ்'. மேலே இருக்கும் மூடி 'ஷைவ்'. வாயு வெளியேற அதில் செருகும் சின்ன ஆப்பு 'ஸ்பைல்'. மேலே பாருக்கு இழுத்துக் கொடுப்பது கைப்பம்பு. தெருமுனை அடிபம்பு போலத்தான், கைப்பிடி மட்டும் நிமிர்ந்து நிற்கும். 1797-ல் இதற்குக் காப்புரிமை வாங்கிய ஜோசப் பிராமா, பூட்டுகளுக்கும் ஹைட்ராலிக் பிரஸ்ஸுக்கும் பெயர் பெற்ற அதே பொறியாளர்.

எல்லாவற்றிலும் சுவாரசியமானது 'ஐசிங்கிளாஸ்'. கலங்கலான பீரில் ஈஸ்ட்டை அடியில் படிய வைத்துத் தெளிய வைக்கும் பொருள். பெயரில் 'கிளாஸ்' இருக்கிறதே, கண்ணாடியா? இல்லைங்க. ஸ்டர்ஜன் மீனின் காற்றுப்பையைக் குறிக்கும் டச்சுச் சொல், ஆங்கிலேயர் காதில் 'கிளாஸ்' என்று விழுந்தது. அவ்வளவுதான். பிற்காலத்தில் வெப்பக் கடல் மீன்களின் காற்றுப்பைகளும் இதற்குப் பயன்பட்டன. தமிழகக் கடற்கரையில் 'நெட்டி' என்று தனியாக எடுத்துக் காயவைத்து நல்ல விலைக்கு விற்கும் பொருளின் உறவுதான் இது. சைவ உணவுக்காரர்களின் எதிர்ப்பு வலுத்ததால் பல நிறுவனங்கள் இதைக் கைவிட்டு வருகின்றன. கின்னஸ் நிறுவனமும் 2015-ல் அந்த முடிவை அறிவித்தது.

டிக்கர்கள் யார்?

பீர் ரசிகர்களிலேயே ஓர் உட்பிரிவு உண்டு. கையில் நோட்டு, பேனா. இதுவரை குடிக்காத புதுப் பீர் எங்கே கிடைத்தாலும் ரயில் பிடித்துப் போய் அரை பைன்ட் குடித்து, நோட்டில் ஒரு டிக். இவர்கள்தான் டிக்கர்கள். ரயில் எஞ்சின் எண்களைக் குறித்துக்கொண்டு திரியும் பொழுதுபோக்கிலிருந்து வந்த பழக்கம், வந்த சொல். வாழ்நாள் கணக்கு பல ஆயிரங்களைத் தாண்டியவர்கள் உண்டு.

இவர்களுக்குத் தீனி போட்டது ஒரு சட்டம். பிரிட்டனில் அப்போது பெரும்பாலான பப்புகள் ஏதாவது ஒரு பீர் நிறுவனத்துக்குச் சொந்தமாக இருந்தன. அங்கே அந்த நிறுவனத்தின் சரக்கு மட்டும்தான். 'டைட் ஹவுஸ்' என்பார்கள், கட்டுண்ட கடை. 1989-ல் அரசு கொண்டுவந்த உத்தரவு, இரண்டாயிரத்துக்கும் மேல் பப் வைத்திருந்த பெரிய நிறுவனங்களின் குத்தகைதாரர்கள், வெளியிலிருந்து ஒரு காஸ்க் பீர் வாங்கி விற்கலாம் என்றது. 'கெஸ்ட் ஏல்', அதாவது விருந்தாளி ஏல், புழக்கத்தில் வேரூன்றியது இப்படித்தான். வாராவாரம் விருந்தாளி மாறினால் டிக்கருக்குக் கொண்டாட்டம்தானே?

அதே சொல் கதவை அடைத்தபோது

2000-களில் புதுத் தலைமுறைத் தயாரிப்பாளர்கள் வந்தார்கள். ருசியில் அக்கறை, நல்ல மூலப்பொருள், சின்ன ஆலை. ஆனா, அவர்களில் பலர் பீரை கெக்கில் அடைத்தார்கள். தங்களை 'கிராஃப்ட்' என்று அழைத்துக்கொண்டார்கள். பழைய விளக்கப்படி இது ரியல் ஏல் இல்லை. வாயு இருக்கிறதே!

'கிராஃப்ட்' என்பதற்கு பிரிட்டனில் சட்டப்படியான விளக்கம் எதுவும் இல்லை. அமெரிக்காவில் தயாரிப்பாளர் சங்கம் ஒரு விளக்கம் வைத்திருந்தது: வருடத்துக்கு 20 லட்சம் பேரலுக்குள் தயாரிப்பவரே கிராஃப்ட். பெரிய உறுப்பினர் ஒருவர் அந்த எல்லையை நெருங்கியதும் அதை 60 லட்சமாக உயர்த்தினார்கள். ஆள் வளர்ந்ததும் சட்டையைப் பெரிதாகத் தைத்துக்கொண்ட கதைதான்.

காம்ராவால் அப்படி எளிதாக நீட்ட முடியவில்லை. இன்னொரு சிக்கலும் இருந்தது. காஸ்க்கில் பீர் குறையக் குறைய உள்ளே காற்று புகுந்து புளிக்க வைக்கும். அதைத் தடுக்க, அழுத்தமே இல்லாமல் வெற்றிடத்தை மட்டும் கார்பன் டை ஆக்ஸைடால் நிரப்பும் 'காஸ்க் பிரீத்தர்' என்ற சின்னக் கருவி உண்டு. விற்பனை குறைவான கிராமத்து பப்புக்கு அது உயிர்நாடி. ஆனா, 'வெளி வாயு கூடாது' என்ற வரியால் அந்தக் கருவியைப் பயன்படுத்தும் பப்புகள் பல பத்தாண்டுகள் வழிகாட்டி நூலுக்கு வெளியே நின்றன. நல்ல பீரைக் காப்பாற்ற எழுதிய வரி, நல்ல பீர் கொடுத்த சில கடைகளையே தண்டித்தது என்பதை மறுப்பது கடினம்.

2018 ஏப்ரலில் கவன்ட்ரி நகரில் கூடிய உறுப்பினர்கள், பிரீத்தர் விஷயத்தில் இனி நடுநிலை என்று முடிவெடுத்தார்கள். அதே கூட்டத்தில், எல்லா வகை பீர் குடிப்பவர்களின் குரலாகவும் இயக்கம் செயல்பட வேண்டும் என்ற தீர்மானமும் வந்தது. ஆதரவு சுமார் 72 சதவீதம். தேவைப்பட்டது 75. தோற்றது.

சண்டை இன்னும் ஓயவில்லை. 2024-ல் பெரிய பீர் நிறுவனம் ஒன்று 'ஃப்ரெஷ் ஏல்' என்ற பெயரில் புதுச் சரக்கை இறக்கியது. கெக்கில் அடைத்தது. ஆனா, பாரில் நின்று பார்த்தால் பழைய கைப்பம்பு வழியாகவே ஊற்றப்படும். திறந்த பிறகு காஸ்க்கைவிட அதிக நாள் தாங்கும், பப்புகளில் வீணாவது குறையும் என்றது நிறுவனம். காம்ரா நேராக வர்த்தக நெறிமுறை அதிகாரிகளிடம் புகார் கொடுத்தது. கைப்பம்பைப் பார்த்தாலே வாடிக்கையாளர் காஸ்க் பீர் என்றுதான் புரிந்துகொள்வார், போர்டில் என்ன எழுதியிருந்தாலும் அது ஏமாற்றுவதுதான் என்பது அவர்கள் வாதம்.